முதலில் பிரதி, பிறகுதான் பழுது

வெளிப்புற வன்தட்டு ஒன்று பழுதாகத் தொடங்கியிருப்பதை அதன் உடைமையாளர் பெரும்பாலும் வேகக் குறைவைக் கொண்டுதான் முதலில் அறிகிறார். நேற்று வரை உடனே திறந்த கோப்புறை இன்று அரை நிமிடம் காக்க வைக்கிறது; கோப்புகளை நகலெடுக்கும்போது பச்சைப் பட்டை பாதி வழியில் நின்று, வேகம் சுழியத்துக்கு இறங்கி, பிறகு மனம் மாறியதுபோல் மறுபடியும் நகர்கிறது. இந்தக் கட்டத்தில் தரவு முழுவதையும் வெளியே எடுத்துவிடும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. அந்த வாய்ப்பு பறிபோவதற்குப் பழுதைக் காட்டிலும் அடுத்த ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் காரியங்களே பெரிய காரணமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பதால், உறவினரும் பழக்கமானவர்களும் இப்படிப்பட்ட தட்டுகளை என்னிடம் கொண்டுவருவது வழக்கம். அண்மையில் வந்தது, பட்டர்வொர்த்தில் நெடுங்காலமாகத் திருமணப் படங்கள் எடுத்துவரும் அண்ணன் ஒருவருடைய 2 டெராபைட் கையடக்கத் தட்டு. அவர் எடுத்த திருமணங்கள், தண்ணீர்மலைத் தைப்பூசக் காவடிகள், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாக்கள் எல்லாம் அதில் இருந்தன. “பேக்கப் ஹார்டிஸ்க்தான் தம்பி, சும்மா அலமாரியில வெச்சிருந்தேன், அதுக்கு என்ன ஆகப்போவுதுன்னு நெனச்சேன்,” என்றார். கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் படங்களை அங்கிருந்து அழித்துவிட்டு இந்தத் தட்டுக்கு மாற்றியிருந்தார். அப்படி மாற்றிய அன்று முதல் அந்தப் படங்களுக்கு வேறு பிரதியே கிடையாது. வீடுகளிலும் கோயில் செயற்குழுக்களிலும் சங்கங்களிலும் பேக்கப் என்று சொல்லப்படும் தட்டுகளில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

என்னிடம் வருவதற்கு முன்பு அவர் அதைப் பல கணினிகளில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருந்தார். ஒரு கணினி, இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறது. நல்லவேளையாக வேண்டாம் என்று அழுத்திவிட்டார். இன்னொரு கணினி, பிழைகளைத் தேடிச் சரிசெய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் அவருடைய மகன் இடம் கொடுக்கவில்லை. இந்த இரண்டு மறுப்புகள்தான் பெரும்பகுதி தரவைக் காப்பாற்றின என்று சொன்னால் மிகையில்லை.

விண்டோஸ் கேட்கும் அந்தக் கேள்வி உதவிக்கரம்போலத் தோன்றினாலும், அதன் நோக்கம் வேறு. செக்டிஸ்க் என்னும் அந்தக் கருவி, கோப்பு முறைமையின் கணக்குப் பதிவேட்டை, அதாவது எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை, முரண்பாடு இல்லாமல் ஆக்குவதற்காக எழுதப்பட்டது. கோப்புகளின் உள்ளடக்கத்தை மீட்பது அதன் வேலையன்று. பதிவேட்டில் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால், அந்த இடத்தைச் சுட்டும் பெயர்களை நீக்கி, அனாதையாக நிற்கும் துண்டுகளை எண்களால் பெயரிட்டு ஒரு தனிக் கோப்புறையில் கொட்டி, கணக்கை நேர்செய்துவிடும். நலமாக உள்ள தட்டில் மின்தடையால் ஏற்பட்ட குழப்பத்துக்கு அது சரியான மருந்து. தட்டே உடைந்துகொண்டிருக்கும்போது அது செய்யும் ஒவ்வொரு திருத்தமும், படிக்கவே தடுமாறும் பரப்பின் மேல் எழுதப்படும் திருத்தம். அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே பழுதான தட்டில் எதையும் எழுதக்கூடாது. முதலில் பிரதி எடுக்கவேண்டும். பழுதுபார்ப்பதெல்லாம் அந்தப் பிரதியின் மேல்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும். கையடக்கத் தட்டுகளில் கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தகடுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் என்ற வேகத்தில் சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, அதாவது ஹெட், தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனித முடியின் தடிமன் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. முனை ஒருமுறை தகட்டை உரசிவிட்டால் அங்கிருந்து பெயரும் துகள் மற்ற இடங்களையும் கீறத் தொடங்கும். டிக் டிக் என்று நாம் கேட்கும் சத்தம் பெரும்பாலும், முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் பின்வாங்கி, மறுபடி மறுபடி முயன்றுபார்க்கும் சத்தமே.

பினாங்கு மக்களுக்கு இது கேள்விப்படாத சங்கதியன்று. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் தொடங்கிய பிறகு இங்கே வந்து குவிந்த மின்னணு ஆலைகளில் வன்தட்டுப் பாகங்களும் நிறையவே உருவாகியிருக்கின்றன. சீகேட் 1980களின் இறுதியிலிருந்தே இங்கு இருக்கிறது. என் பெரியம்மா மகள் அத்தகைய ஆலை ஒன்றின் தூய்மை அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். பவுடர் பூசக்கூடாது, பூ வைக்கக்கூடாது, கண்ணுக்கு மை தீட்டக்கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்து, காற்று பீறிடும் சிறிய அறையில் நின்று உடையிலுள்ள தூசியை உதறிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வீட்டில் யாராவது திருப்புளியை எடுத்துக்கொண்டு வன்தட்டின் மூடியைத் திறக்கப் போனால் அக்கா சிரித்துவிடுவார். நாம் மூச்சுவிடும் காற்றிலுள்ள ஒரு புகைத் துகள்கூட அந்த முனைக்குக் கீழே உள்ள இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது.

பழுதான தட்டை உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணனும் அதைப் பற்றிக் கேட்டார். குளிரூட்டப்பட்ட மண்டபத்திலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் நீர் படர்வதைப் பார்ப்பீர்கள் அல்லவா, அதேதான் தகட்டின் மேலும் நடக்கும் என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த யோசனையை முயன்றுபார்ப்பது தரவுக்கு நாமே கொள்ளி வைப்பதாகும்.

பழுது தட்டில்தான் என்று தீர்மானிக்குமுன் கேபிளைச் சந்தேகிக்கவேண்டும். கையடக்கத் தட்டுகளுக்குத் தனி மின்இணைப்பு கிடையாது. யூஎஸ்பி வழியாக வரும் மின்சாரமே அவற்றைச் சுழற்றவேண்டும். மேசைக்கணினியின் முன்பக்கத் துளைகளும் மலிவான யூஎஸ்பி பெருக்கிகளும் (ஹப்) சில நேரம் போதிய மின்சாரம் தருவதில்லை. நீளமான, நைந்த கேபிளும் அப்படியே. மின்சாரம் குறைந்தால் தட்டு சுழலத் தொடங்கி, வேகம் எட்டாமல் நின்று, மறுபடியும் தொடங்கும். அந்தச் சத்தமும் காதுக்கு டிக் டிக் என்றே கேட்கும். குட்டையான நல்ல கேபிள் ஒன்றை மாற்றி, கணினியின் பின்பக்கத் துளையில் ஒருமுறை செருகிப் பார்ப்பதில் தவறில்லை. அந்த ஒருமுறையிலும் சத்தம் அப்படியே இருந்து, தட்டு கணினிக்குத் தென்படவே இல்லை என்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ளவேண்டும். அதன் பிறகு அது தூய்மை அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்தின் வேலை.

தென்படுகிறது என்றால் அடுத்த கேள்வி, தட்டு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பது. ஸ்மார்ட் என்னும் தற்காணிப்பு அமைப்பு ஏறத்தாழ எல்லா வன்தட்டுகளிலும் உண்டு. அதைப் படிக்க விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பார்க்கவேண்டும்: 05 என்ற எண் கொண்ட வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களை, அதாவது தரவு எழுதப்படும் சிறு கட்டங்களைக் குறிக்கிறது, சி5, படிக்க முடியாமல் முடிவு எடுக்கப்படாது நிற்கும் செக்டார்களைக் குறிக்கிறது, சி6, சோதித்தும் திருத்த முடியாதவற்றைக் குறிக்கிறது. கடைசிப் பத்தியில் உள்ள மதிப்பு வழக்கமாக 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதப்படும் பதினறும எண்ணாகவே தெரியும் என்பதால் பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள். அண்ணனுடைய தட்டில் சி5 வரியில் வரிசையாகச் சுழியங்களும் கடைசியில் பி8 என்றும் இருந்தது, அது 184. ஒரு மணி நேரத்துக்கு முன்பு அவர் வீட்டில் மகன் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில் அதே இடத்தில் இருந்த எண் அதில் பாதிகூட இல்லை. எண் நின்ற இடத்தில் நின்றால் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஏறிக்கொண்டிருந்தால் அவகாசம் இல்லை.

சி7 என்ற வரியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது ஏறினால் கேபிள் கோளாறு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். மேசைக்கணினிக்குள் பொருத்திய தட்டுக்கு அது பொருந்தும். வெளிப்புறத் தட்டில் அந்த எண் அளப்பது உறைக்குள் தட்டுக்கும் யூஎஸ்பி மாற்றுப் பலகைக்கும் இடையிலான இணைப்பை. நாம் கையால் செருகும் யூஎஸ்பி கேபிள் கெட்டிருந்தாலும் அந்த வரி அசையாமல் சுழியமாகவே இருக்கும்.

எல்லாம் நீலமாகத் தெரிந்தால் நிம்மதி கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிலையங்களில் ஓடிய 1,00,000க்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தட்டில் முதல் ஸ்கேன் பிழை, அதாவது தட்டு தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை, தோன்றினால், அது அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே தோன்றாத தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே கட்டுரையில், செயலிழந்த தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஸ்மார்ட் எச்சரித்தால் நம்பவேண்டும். எச்சரிக்காவிட்டால் அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இனி பிரதி எடுக்கும் வேலை. விண்டோஸில் தட்டைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்துப்போடுவது, நலமான தட்டுக்கு உரிய வழி. பழுதான தட்டில் படிக்க முடியாத முதல் கோப்பை எட்டியதும் அந்த நகலெடுப்பு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். முனை அந்த ஒரே இடத்தை விடாமல் படிக்க முயன்று தேய்ந்துகொண்டிருக்கும். படங்கள் நிறைந்த கோப்புறையாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்புறையைத் திறந்த மாத்திரத்தில் சிறுபடங்களைக் காட்டுவதற்காக விண்டோஸ் நூற்றுக்கணக்கான கோப்புகளைத் தொட்டுப்பார்க்கும், நச்சுநிரல் எதிர்ப்பியும் தன் பங்குக்கு ஒவ்வொன்றையும் ஆராயும். நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது தட்டு மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம்தான் எனக்குப் பழக்கமான வழி. சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், அதில் குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி தயாராக இருக்கிறது. கோப்புகளைப் பற்றிய கவலையே இல்லாமல், தட்டின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே இன்னொரு தட்டில் ஒரு படிமக் கோப்பாக எழுதுவது அதன் வேலை. அதன் சாமர்த்தியம், சிக்கலான இடத்தோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப்போவதில் இருக்கிறது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. முட்டும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றின் ஓரங்களைச் சீவி, மிச்சத்தைச் சுரண்டி எடுக்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தி, தட்டை ஆறவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பு இல்லாமல் இந்தக் கருவியை ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் சரிபார்க்கவேண்டும். இலக்குத் தட்டில் மூலத் தட்டின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகக் காலி இடம் இருக்கவேண்டும். மூலத்தில் பாதிதான் நிரம்பியிருந்தாலும் படிமம் முழு அளவுக்கும் இடம் கேட்கலாம். அந்த இலக்கு ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டதாக இருக்கக்கூடாது. 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரு கோப்பைக்கூட அது ஏற்காது. இரண்டாவது, எது மூலம் எது இலக்கு என்பதைத் தட்டின் மாடல் பெயரும் தொடர் எண்ணும் பார்த்து உறுதிசெய்யவேண்டும். இடம் மாற்றி எழுதிவிட்டால், காலித் தட்டின் வெறுமை பழைய படங்களின் மேல் பதிந்துவிடும். ஆங்கில எழுத்துகளால் மட்டுமே வேறுபடும் சாதனப் பெயர்களை நள்ளிரவில் நம்பக்கூடாது.

2 டெராபைட் தட்டு நலமாக இருந்தால், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஐந்தரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இந்தத் தட்டுக்குப் பல நாள் ஆயிற்று. மேசையின் மேல் சமதளமாக வைத்து, பக்கத்தில் ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பி வைத்து, பூனை ஏறாதபடி கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போவேன். திரையில் மீட்கப்பட்ட அளவு, நடப்பு வேகம், கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரமாயிற்று என்ற மூன்றையும் பார்த்தால் போதும். முதல் 90 விழுக்காடு மளமளவென்று வந்தது. அதன் பிறகு வேகம் நொடிக்குச் சில கிலோபைட்டாகச் சரிந்தது. மாலையில் வந்து பார்த்தால் எண் நகர்ந்ததாகவே தெரியாது. அண்ணன் தினமும் ஒரு தடவை கைப்பேசியில் அழைத்து, “இப்ப எவ்வளவு தம்பி?” என்று கேட்பார், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர் குரலில்.

அந்த விழுக்காட்டு எண்ணும் ஏமாற்றக்கூடியதே. 2 டெராபைட்டில் 99.99 விழுக்காடு கிடைத்துவிட்டது என்றால், கிடைக்காதது 200 மெகாபைட். அது ஒரே இடத்தில் இருந்தால் நான்கைந்து நிமிடக் காணொளி ஒன்று போயிருக்கும். ஆயிரம் இடங்களில் சிதறியிருந்தால் ஆயிரம் படங்களில் ஓட்டை விழுந்திருக்கும். பதிவேடு இருக்கும் பகுதியில் விழுந்திருந்தால் கோப்புகள் பத்திரமாக இருந்தும் அவற்றின் பெயரும் இடமும் தெரியாமல் போகும். எந்தக் கோப்புகள் பழுது என்பதைக் கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே ஒரு வழி இருக்கிறது. படிக்க முடியாத இடங்களை மட்டும், படிமத்தின் இன்னொரு நகலில், நாம் கொடுக்கும் ஏதாவது ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று தேடினால் சேதப் பட்டியல் கைக்கு வந்துவிடும். இப்படிச் சிக்கிய படங்களில் ஒன்றை அண்ணனுக்குத் திறந்து காட்டினேன். மணமகனின் தலைப்பாகையும் நெற்றிச் சந்தனமும் மாலையின் மேற்பாதியும் துல்லியமாக இருந்தன. மாலையின் நடுவிலிருந்து கீழே ஒரே சாம்பல் நிறம். சேதமானவை மிகச் சிலவே என்பதால், எந்தெந்தக் குடும்பத்துக்கு முன்பே பென்டிரைவில் படங்களைக் கொடுத்தோம் என்று தேடி அவற்றில் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தது.

பதிவேடு சிதைந்த பகுதியிலிருந்த கோப்புகளுக்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் படிமத்தின் மேல் ஓட்டினேன். கோப்பின் தொடக்கத்திலுள்ள அடையாளக் குறிகளைக் கொண்டு அது கோப்புகளைத் தோண்டி எடுக்கும். ஆனால் பெயரும் கோப்புறையும் திரும்பி வராது. படங்களாக இருந்தால் கேமரா உள்ளே எழுதிவைத்த தேதியைக் கொண்டு பிரித்துவிடலாம். பள்ளி ஆண்டு மலர்களுக்காக 2000ஆம் ஆண்டையொட்டித் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள்தான் கண்ணைக் கட்டின. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் வேறு மென்பொருள்களிலும் அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த தமிழ், பல நேரங்களில் இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில் இல்லை. அந்தந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் திரையில் தெரிவது பொருளற்ற லத்தீன் குறிகளின் குவியல்தான். கோப்பு முழுசாக மீண்டுவந்தும் படிக்க முடியாமல் நிற்கும் நிலை அது. இப்படிப்பட்ட ஆவணங்கள் வைத்திருப்போர் எழுத்துருக் கோப்புகளையும் அவற்றோடு சேர்த்துச் சேமிக்கவேண்டும். முடிந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதியும், பிடிஎஃப் வடிவில் ஒரு பிரதியும் எடுத்துவைப்பது நல்லது.

மீட்பு நிலையத்துக்கு எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு என் விடை எளிது: தட்டு தென்படாவிட்டாலோ, கீழே விழுந்திருந்தாலோ, உரசும் ஓசை கேட்டாலோ, உள்ளே இருப்பதை இழக்கும் அபாயத்தைச் சிறிதும் ஏற்க முடியாது என்றாலோ, வீட்டில் எதையும் முயலாமல் நேரே போகவேண்டும். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலும் பினாங்கு கொம்தார் பக்கமும் கணினிக் கடைகள் ஏராளம். கடைக்காரர் எல்லாரும் மீட்பு வல்லுநர்கள் ஆகிவிட மாட்டார்கள். உங்களிடம் சொந்தத் தூய்மை அறை இருக்கிறதா, வெளியே அனுப்புகிறீர்களா, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம், மீட்ட பிறகு உங்களிடமுள்ள நகலை எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். அடையாள அட்டை நகல்களும் வங்கி அறிக்கைகளும் உள்ள தட்டு என்றால் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது உண்மைதான். ஆனால் பறிபோன படத்தை எந்தச் சட்டமும் திரும்பப் பிடித்துத் தராது. இன்னொரு குறிப்பு: சில கையடக்கத் தட்டுகளில் யூஎஸ்பி துளை தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, தரவும் அந்தப் பலகையால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். உறையைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்ற பழைய உத்தி அங்கே செல்லாது. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டால் கதை முடிந்தது.

பாதுகாப்பு ஏற்பாட்டைப் பொறுத்தவரை, பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 முறையைவிட எளிதான ஒன்றை நான் அறியேன். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். அண்ணனுக்கு நாங்கள் செய்துகொடுத்த ஏற்பாடு இதுதான்: நடப்புப் படங்கள் கணினியில், முழுத் தொகுப்பும் இரண்டு புதிய தட்டுகளில், அவற்றில் ஒன்று எப்போதும் சுங்கை பட்டாணியில் உள்ள தங்கை வீட்டில். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கையிலுள்ள தட்டைக் கொடுத்துவிட்டு அங்குள்ளதை வாங்கி வருகிறார். இரண்டையும் வெவ்வேறு நிறுவனங்களுடையதாக வாங்கச் சொன்னேன். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய தட்டுகளுக்கு ஒரே மாதிரிக் குறை இருக்கலாம்.

மேகச் சேமிப்பில் எல்லாவற்றையும் போட்டுவிடலாமே என்றார் மகன். வீட்டு ஃபைபர் இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 50 மெகாபிட் என்றால் 2 டெராபைட்டுக்கு ஏறத்தாழ 89 மணி நேரம் இடைவிடாமல் ஏற்றவேண்டும். அது முடியாத காரியமன்று, மாதச் சந்தாதான் யோசிக்க வைக்கிறது. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட்; அதில் மின்னஞ்சலும் அடக்கம். ஆகவே வாடிக்கையாளருக்குக் கொடுத்த இறுதிப் படங்களை மட்டும் மேகத்தில் வைத்துவிட்டு, கேமரா பதிவுசெய்த மூல வடிவமான ரா கோப்புகளைத் தட்டுகளிலேயே விட்டோம். எல்லாவற்றையும் சமமாகப் பாதுகாக்க நினைத்து எதையும் பாதுகாக்காமல் விடுவதைக் காட்டிலும் இது மேல்.

இரண்டு இடங்களிலுள்ள கோப்புகளை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஒத்திசைவை (சிங்க்) பேக்கப் என்று நம்பியிருப்பவர்கள் இன்னும் பலர். ஒரு பக்கம் தவறுதலாக அழித்ததை மறுபக்கமும் உடனே அழித்துக்கொள்வதுதான் ஒத்திசைவின் இயல்பு. விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் கண்ணாடிப் பிரதிபோல நகலெடுக்கும் தேர்வும் மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து நீக்கிவிடும். மூலத் தட்டு பழுதாகிப் பாதிக் கோப்புறைகளைக் காட்டாதபோது அதை ஓட்டினால் விளைவு என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் ஏற்பாடுதான் தேவை. விண்டோஸின் கோப்பு வரலாறும் ஆப்பிளின் டைம் மெஷினும் அதைச் செய்கின்றன. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை நச்சுநிரல் பரவியபோது, எப்போதும் கணினியில் செருகியே கிடந்த பேக்கப் தட்டுகளும் கணினியோடு சேர்ந்து பூட்டப்பட்டன. வேலை முடிந்ததும் தட்டைப் பிடுங்கி வைப்பது செலவில்லாத பாதுகாப்பு. ஆனால் முறைப்படி வெளியேற்றிய பிறகு பிடுங்கவேண்டும். தட்டைக் குறியாக்கம் செய்து வைத்தால் தொலைந்தாலும் கவலையில்லை. அதற்குரிய, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அதே கணினியில் மட்டும் சேமித்து வைப்பவர்களை என்ன சொல்வது.

நகலெடுத்த பின் அது சரியாக எழுதப்பட்டதா என்று சோதிப்பதற்கு, ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறோம். நகலெடுத்து முடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும் டெராகாப்பி போன்ற மென்பொருள்களும் உண்டு. அவ்வப்போது ஏதாவது ஒரு பழைய திருமணத்தை எடுத்து, தட்டிலிருந்து கணினிக்கு மீட்டு, திறந்து பார்ப்பதும் மகனுடைய பொறுப்பு. சுழலும் தகடே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் சத்தம் வராது என்பது உண்மை, எச்சரிக்கையும் வராமலே போகலாம். மின்சாரமே படாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதில் தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும் என்பதால் நெடுங்காலச் சேமிப்புக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய தட்டு இனி எதற்கும் உதவாது. உத்தரவாதக் காலம் மீதமிருந்தது. ஆனால் உத்தரவாதம் தட்டுக்குத்தானே தவிரத் தரவுக்கு இல்லை, மாற்றுத் தட்டு வேண்டுமென்றால் பழையதைப் படங்களோடு ஒப்படைத்தாகவேண்டும். பிறர் வீட்டு மணப்பெண்களின் படங்களை அப்படி அனுப்ப அண்ணனுக்கு மனம் வரவில்லை, எனக்கும் அது சரியாகவே பட்டது. கையடக்கத் தட்டுகளின் தகடுகள் பல கண்ணாடியால் ஆனவை. துளையிட்டால் சில்லுகளாகச் சிதறும். அதனால் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொண்டு நடுவிலும் ஓரத்திலும் துளையிட்டு, மின்கழிவு சேகரிப்பில் சேர்க்கவேண்டும். சேதப் பட்டியலிலுள்ள படங்களை அவர் முழுவதும் சரிபார்த்து முடிக்கும் வரை துளைபோடும் இயந்திரத்தை எடுக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.